இசைத்தட்டும் நம் காதும்: சேலம் வட்டார வாசகர்களின் கேள்விகள்

பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சேலம், ஏற்காடு வட்டாரத்து வாசகர்கள் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "என்னிடம் உள்ள தட்டு என்ன விலை போகும்?" என்ற கேள்வியோடு முடிந்துவிட்டன. அவற்றை ஒதுக்கிவிட்டேன், விலை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, விருப்பமும் இல்லை. எஞ்சியவை பெரும்பாலும் ஒரே சிக்கலைச் சுற்றி வந்தன. சேர்ந்து கேட்கிறோம், ஆனால் கேட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சண்டை வருகிறது, அல்லது பேச்சே வருவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கூடும் எங்கள் சிறு வட்டத்துக்கும் இந்த இரண்டு நோய்களும் பழக்கமானவை என்பதால், பட்டறிவைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இருப்பிடத்தை மட்டும் குறிப்பிடுகிறோம்.

நாங்கள் ஐந்தாறு நண்பர்கள் வாரந்தோறும் கூடித் தட்டு கேட்கிறோம். முடிந்ததும் "அபாரம்", "தெய்வீகம்", "அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்பதற்கு மேல் ஒருவருக்கும் வாய் வருவதில்லை. கேட்ட அனுபவத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது? (அம்மாப்பேட்டை)

நான் வட்டத்தில் சேர்ந்த புதிதில், எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய 'எவரனி' தட்டைப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் வரும்போது ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதிவர வேண்டும் என்றார்கள். 27 வயதில், 1933இல், மறைந்துபோன அந்த மேதையைப் போல இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நெசவுத் தொழிலில் இருந்த எங்கள் மூத்த உறுப்பினர் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "தம்பி, இதை எழுதறதுக்குத் தட்டைக் கேட்டிருக்கவே வேண்டாமே" என்றார். அவர் கடிந்துகொள்ளவில்லை; ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுமாதம் அதே தட்டை வீட்டுக்கு வாங்கி வந்து, எழுத ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை பென்சிலை எடுத்தேன். எந்தச் சங்கதியில் (பாட்டின் ஒரே அடியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகளில்) குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது, அங்கே ஒலி உடைகிறதா, உடைந்தால் அது குரலின் குறையா, அல்லது நூறு முறை ஊசி உழுத வரியின் தேய்மானமா, பக்கவாத்தியம் பாடகருக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் ஒலிக்கிறது என்பன போன்ற சிறு விவரங்கள்தான் தாளில் இருந்தன. அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு வட்டத்தில் ஒரு மணி நேரம் பேச முடிந்தது. முந்தைய முழுப் பக்கத்தை வைத்துக்கொண்டு தலையாட்டத்தான் முடிந்திருக்கும்.

எனவே உங்கள் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாராட்டுச் சொல்லைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். முதலில் தட்டின் அடையாளத்தைச் சொல்லுங்கள்: நிறுவனத்தின் பெயர், லேபிளில் உள்ள எண், லேபிளை ஒட்டி வரிகள் முடியும் வெற்றிடத்தில் பொறித்திருக்கும் மூல எண். ஒரே பாடகர் ஒரே பாடலை வெவ்வேறு ஆண்டுகளில் இருமுறை பதிவு செய்வதுண்டு. எண்ணைச் சொல்லாமல் வாதிடும் இருவர், வெவ்வேறு பதிவுகளைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு எந்தக் கருவியில், என்ன ஊசியில் கேட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதன் பின் பாட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு "தெய்வீகம்" என்று சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லலாம். அப்போது அதற்கு ஒரு பொருள் இருக்கும்.

ஜி.என். பாலசுப்பிரமணியம் பாடிய 'வாசுதேவயனி' தட்டு என்னிடமும் என் நண்பரிடமும் உள்ளது. என் வீட்டில் அது ஓட்டமாய் ஓடுகிறது. அவர் வீட்டில் நிதானமாய், சற்றுத் தாழ்ந்த சுருதியில் கேட்கிறது. "ஜி.என்.பி. அவசரக்காரர்" என்று நான் சொன்னதற்கு அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. யார் சொல்வது சரி? (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை நடத்துபவர்)

தராசைச் சரிபார்க்காமல் வெள்ளி வாங்கமாட்டீர்கள். சுழல்தட்டைச் சரிபார்க்காமல் ஒரு பாடகரின் காலப்பிரமாணத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே! உங்கள் இருவரில் ஒருவருடைய கருவியோ, இருவருடைய கருவிகளுமோ, தவறான வேகத்தில் சுற்றுகின்றன. தட்டு வேகமாகச் சுற்றினால் பாட்டு விரைவதோடு நிற்காமல் சுருதியும் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா. வேகம் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவுக்கு, உயரும். அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு 82½ சுற்றுச் சுற்றினால், இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரையில் பாடியதாகக் காதில் விழும். 200 வினாடி ஓட வேண்டிய பக்கம் 189 வினாடியில் முடிந்துவிடும். 73½ சுற்றாகக் குறைந்தால் அதே அளவு தாழும். நீங்கள் மேலேயும் அவர் கீழேயும் தவறியிருந்தால் இருவருக்குமிடையே ஒரு முழுக் கட்டை வேறுபாடு வந்துவிடும். நட்பு முறிய அது போதும்.

சரிபார்க்கச் செலவே இல்லை. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. அதில் எரியும் பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை, கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகிறது. ஒரு வட்ட அட்டையின் விளிம்பில் 77 கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து, சுழல்தட்டின் மேல் வைத்து, அந்த விளக்கொளியில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் வேகம் 77.92; அதற்கு மேல் துல்லியம் நமக்குத் தேவையில்லை. கோடுகள் சுற்றும் திசையில் முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னே நகர்ந்தால் குறைவு. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டின் 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் வரைய வேண்டும். இக்கால எல்.இ.டி. விளக்குகள் பல இப்படி மினுக்குவதில்லை என்பதால் அவற்றை நம்ப வேண்டாம். சாவி கொடுக்கும் கிராமபோனாக இருந்தால் பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியே பாருங்கள். சுருள்வில் தளர்ந்த கருவியில் பாடகர் பாடப் பாடச் சுருதி இறங்கிக்கொண்டே போவார்.

இதிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. மிகப் பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிவானவை என்று சொல்வதற்கில்லை. அந்தக் காலத்துப் பதிவாளர்கள் இந்த அளவில் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. ஆகவே கடைசித் தீர்ப்பைக் காதிடம்தான் விட வேண்டும். அதே பாடகர் அதே காலத்தில் பாடிய வேறு பதிவுகளில் என்ன சுருதி வைத்திருக்கிறார் என்று ஒரு சுருதிப்பெட்டியை வைத்துப் பாருங்கள். மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவே அரை இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் 'மூன்றரைக் கட்டை' என்று ஒரு மாதம் முழுவதும் வாதிட்டார்.

வேகத்தைச் சரிசெய்த பின்னும் ஜி.என்.பி. விரைவாகவே கேட்பார். அது அவருடைய பிருகாக் குரலின், அதாவது ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் உதிர்க்கும் குரலின், இயல்பு. தட்டின் நீளமும் ஒரு காரணம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடமில்லை. கச்சேரியில் விரிவாகப் பாட வேண்டிய இப்பாட்டின் கல்யாணி ராகத்தை அந்த இடத்துக்குள் மடித்து வைத்துத் தருவது தனி வித்தை. உங்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் அவசரம் என்று பெயரிடுவதற்கு முன், எதை விட்டுவிட்டு எதைத் தக்கவைத்தார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் மாமனார் காலத்துக் காபித் தோட்ட வீட்டில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி, நான்கு பெரிய தட்டுகளாக, ஆல்பம் வடிவில் இருக்கிறது. முதல் தட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றாம் பகுதி என்றும் மறுபக்கத்தில் எட்டாம் பகுதி என்றும் போட்டிருக்கிறது. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்களா? (ஏற்காடு)

இல்லை அம்மா, சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது தானியங்கிக் கருவிக்காக அடுக்கப்பட்ட தொகுப்பு. அக்கருவியின் நடுத்தண்டில் நான்கு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தால், ஒவ்வொன்றாகத் தானே கீழே விழுந்து ஓடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என மேல் பக்கங்கள் முடிந்ததும், அடுக்கை அப்படியே மொத்தமாகப் புரட்டி வைத்தால் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று தொடரும். எனவே முதல் தட்டில் 1, 8. இரண்டாவதில் 2, 7. மூன்றாவதில் 3, 6. நான்காவதில் 4, 5. கையால் மாற்றிப் போடுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. நான்கு தட்டுகளையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு தட்டும் விழும்போது இடும் 'டப்' ஓசையை நினைத்தால், கையால் மாற்றுவதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த சிம்ஃபனி முழுவதையும் ஆர்துர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு 1913இலேயே எட்டுப் பக்கங்களில் பதிவு செய்துவிட்டார். 1948இல் எல்.பி. வரும் வரைக்கும், உலகில் எங்கிருந்தாலும், தானியங்கிக் கருவி இல்லாமல் இதை வீட்டில் தட்டில் கேட்டவர்கள் நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைப் புரட்டியவர்கள்தான். நீங்கள் கேட்கும்போது பக்கம் எங்கெங்கே முறிகிறது என்று குறித்து வைத்து எங்களுக்கு எழுதுங்கள். சிம்ஃபனியின் நான்கு அங்கங்களில் மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு இடைவெளியே இல்லாமல், முரசின் மெல்லிய தட்டலின் மேல் ஏறிப் போகும்படி பீத்தோவன் அமைத்திருக்கிறார். அந்த இடத்தை உங்கள் தொகுப்பைப் பதிவு செய்தவர் எப்படிச் சமாளித்திருக்கிறார் என்பதை அறிய எனக்கு உண்மையிலேயே ஆவலாக உள்ளது.

மலையில் உங்களுக்குப் பகை ஈரம். கீழே எங்களுக்குப் பகை வெயில். மழை மாதங்களில் காகித உறையில் பூஞ்சை பிடித்து லேபிளுக்கும் வரிக்கும் பரவும். உறையை மாற்றி, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது விரிசல் விடும். எங்கள் வட்டத்துக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் மே மாதத்தில் மட்டும் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி உடையாமல் இறங்கி வந்த தட்டு, அஸ்தம்பட்டியில் நிழலில்லாமல் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் அப்பளமாய் வளைந்துவிடும்.

தட்டுகளை எதைக் கொண்டு துடைப்பது? (குகை)

எல்.பி. தட்டு என்றால் வினைல். 78 சுற்றுத் தட்டு என்றால் பெரும்பாலும் அரக்கு. அரக்கு சாராயத்தில் கரையும். இதைத் தெரிந்துகொள்ளாமல், மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு வீணைத் தட்டை நான் பளபளப்பாகத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, வீணை போயிற்று. வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய துணி, வரியின் போக்கிலேயே துடைப்பது, லேபிளை நனைக்காமல் இருப்பது, நிழலில் உலர்த்துவது: இவை போதும்.

பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இசையை பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். முதல் பதிவு 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். "வயதானதும் தளர்ந்துவிட்டார்" என்கிறார் நண்பர். "முதிர்ந்துவிட்டார்" என்கிறேன் நான். தங்கள் கருத்து? (அஸ்தம்பட்டி)

உங்கள் இருவரின் சொற்களும் கேட்டதிலிருந்து வந்தவையா, உறையின் பின்புறத்தில் அச்சிட்ட நிமிடக் கணக்கிலிருந்து வந்தவையா என்பது என் முதல் ஐயம். 1955இல் பதிவு செய்தபோது கூல்ட், எழுதப்பட்ட மறுவாசிப்புகளை எல்லாம் விட்டுவிட்டார். 1981இல் சில பகுதிகளில் முற்பாதியைத் திரும்ப வாசித்தார். எனவே கூடுதலாக வரும் 13 நிமிடமும் நிதானத்தால் வந்தவை அல்ல. ஒப்பிட வேண்டுமானால் தொடக்கத்தில் வரும் 'ஆரியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரு பதிவுகளிலும் மறுவாசிப்பு இல்லை. இளமையில் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர், பிற்காலத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். இந்த வேறுபாடு மெய்யானது, பெரியது.

எனினும் அதே 1981 பதிவில் சில வேரியேஷன்களைக் கேளுங்கள். விரல்கள் சிறிதும் தளரவில்லை. ஒரு பகுதியின் லயத்துக்கும் அடுத்த பகுதியின் லயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும்படி அவர் திட்டமிட்டு வாசித்திருக்கிறார். நம் மொழியில் சொன்னால், 1955இல் ஒவ்வொன்றும் தனித்தனி உருப்படி. 1981இல் முதலில் எடுத்த காலப்பிரமாணத்தை மடக்கியும் விரித்தும் இறுதிவரை கொண்டுபோகும் பல்லவி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் காலையில் காபி குடிக்கும்போது முதலாவதைத்தான் போடுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாசிக்கும்போது அவர் முணுமுணுப்பது உங்கள் தட்டின் கோளாறு அல்ல. கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.

என் தந்தையார், திருச்சி வானொலியில் ஒலிபரப்பான மதுரை மணி ஐயர் கச்சேரி ஒன்றை வானொலிப் பெட்டியின் முன் மைக்கை வைத்து ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்திருக்கிறார். கல்பனாஸ்வரத்தின் நடுவே என் தாயார் "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவதும், தெருவில் சைக்கிள் மணி அடிப்பதும் விழுந்திருக்கின்றன. இதைச் சேகரிப்பாளர்கள் முன் போட்டால் சிரிப்பார்களோ என்று தயங்குகிறேன். (சூரமங்கலம், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

தயங்காமல் கொண்டுவாருங்கள். தட்டுக்காகப் பாடிய மணி ஐயரும் கச்சேரியில் பாடிய மணி ஐயரும் ஒருவரேயானாலும், மூன்று நிமிடத்துக்குள் அவருடைய ஸ்வரக் கோவைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதில்லை. 1968இல் மறைந்த அவரை, நேரத்தைப் பற்றிய கவலையின்றிப் பாடும்போது கேட்க வேண்டுமானால், இவ்வாறு வீடுகளில் பதிந்து வைத்த நாடாக்கள்தான் நமக்குத் துணை. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் ஒலிபரப்பைக் கேட்டு இசை பழகிய தலைமுறை நம் பக்கத்தில் பெரிது. சபா இல்லாத ஊர்களில் வானொலிப் பெட்டிதான் சபா.

நாடாவை ஓட்டுவதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். பல்லாண்டு ஓடாத நாடாவை எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றாதீர்கள். சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். வீட்டுக் கருவிகளில் வினாடிக்கு 7½, 3¾, 1⅞ அங்குலம் என்ற வேகங்கள் வழக்கம். ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி. வேகத்தை ஒருபடி மாற்றிப் போட்டுவிட்டால் பாட்டு அப்படியே ஒரு ஸ்தாயி ஏறும் அல்லது இறங்கும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் கவலையில்லை. தெரியாமல் ஏமாற்றுவது பட்டை தளர்ந்த கருவியின் கால் கட்டை இறக்கம்தான். பலத்த ஓசைக்குச் சற்று முன்னரே அதன் நிழல் மெல்லியதாகக் கேட்டால், அது ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் படிந்ததால் வந்தது. தந்தையாரின் பதிவில் பிழையில்லை.

தாயாரின் குரலை நீக்கித் தருகிறேன் என்று யாராவது கணினியோடு முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். குறிப்பு எழுதும்போது, "இந்த இடத்தில் வீட்டுக் குரல்" என்று நேரத்தோடு எழுதினால் போதும். எங்கள் வட்டத்தில் சிரிப்பார்கள் என்பது உண்மைதான்; அது எந்தச் சிரிப்பு என்று வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கல்லூரி மாணவி நான். என்னிடம் ஒரு தட்டுகூட இல்லை, கைபேசியில்தான் கேட்கிறேன். பெரியவர்கள் பேசும்போது எனக்குக் கருத்துச் சொல்லத் தகுதி உண்டா? (கொண்டலாம்பட்டி)

தட்டுகளை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுக் கேட்காமலே கருத்துச் சொல்லும் பெரியவர்களைவிட உங்களுக்குத் தகுதி அதிகம். ஆனால் ஒன்று: நீங்கள் கேட்பது தட்டை அல்ல, யாரோ ஒருவர் தட்டிலிருந்து எடுத்த படியை. இரைச்சலை நீக்குகிறேன் என்று அவர் வடிகட்டியிருந்தால், இரைச்சலோடு தம்புராவின் ரீங்காரமும் குரலின் காற்றும் போயிருக்கும். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டால் பாடகியைக் குறை சொல்லாதீர்கள். எந்தப் படியைக் கேட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். பெரியவர் ஒருவரிடம் மூலத்தட்டு இருந்தால், அதைப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள். அவர்கள் மறுக்கமாட்டார்கள், இப்படிக் கேட்க ஆள் வராதா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

பழைய தட்டுகளைப் படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாமா? (நான்கு ரோடு)

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். 1960இல் வெளியான தட்டின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடலை இயற்றியவரின் உரிமை தனிக் கணக்கு. அது அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள். தியாகராஜர் கிருதிக்கு அந்தக் கவலை இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடலுக்கு உண்டு.

கோயம்புத்தூர் தாயி பாடிய பழைய தட்டின் படியை நண்பர்கள் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் உருகினார்கள். எனக்கோ மூக்கால் பாடுவது போல், கீச்சென்று கேட்டது. அதைச் சொன்னதும் "உனக்குக் காது இல்லை" என்றார்கள். (ஃபேர்லேண்ட்ஸ்)

உங்களுக்குக் காது இருக்கிறது. நீங்கள் கேட்டது உள்ளபடியே அந்தத் தட்டில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பாடகி எவ்வளவு பொறுப்பு, குழாய் எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1925இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முன், பாடுபவர் ஒரு பெரிய குழாயின் வாய்க்குள் குரலைச் செலுத்த வேண்டும். அந்த அதிர்வே நேராக ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறும். இதில் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் பதியவே பதியா, மிக உயர்ந்தவையும் பதியா. நடுவில் உள்ள ஒரு சிறு பட்டைதான் எஞ்சும். மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை கேட்கும், கனத்து ஒலிக்கும் இடப்பக்கமான தொப்பி காணாமல் போகும். குரலில் மார்பின் கனம் போய் மூக்கொலி மிஞ்சும். 1917இல் மறைந்த தாயியின் தட்டுகள் அனைத்தும் இந்தக் குழாய்க் காலத்தவை.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளின் முடிவில் அவரே தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். மெழுகு மூலம் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாக அச்சாக வேண்டும் என்பதால், அங்குள்ளவர்களுக்கு அடையாளம் தெரிவதற்காக அந்த ஏற்பாடு. அக்காலத்து இசைத்தட்டுக் கலைஞர்கள் வரிசையில் சேலம் கோதாவரி என்ற நம் ஊர்ப் பெயரும் உண்டு. அவர் தட்டு எதையும் நான் கையில் தொட்டதில்லை. யாரிடமாவது இருந்தால் எங்கள் மாடி அறைக்கு ஒரு நாள் அழைத்து வாருங்கள்; தட்டையும், அதை வைத்திருப்பவரையும்.

உங்கள் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1912 வாக்கில் இந்தியா வந்துபோன பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், தாயியின் தட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதை அடியொற்றி 'ராகமாலிகா' என்ற பியானோ இசையை அமைத்தார். பியானோவின் தந்தி ஒன்றின் அடியில் அட்டைத் துண்டைச் செருகி ஓசையை அமுக்கி, நம் தாளவாத்தியத்தின் ஒலியை வரவழைக்கச் சொல்லியிருக்கிறார். மொழி தெரியாத, சம்பிரதாயம் தெரியாத ஒருவர் அந்தக் கீச்சுக் குழாய்க்குள் இவ்வளவைக் கேட்டிருக்கிறார். அதற்காக நீங்களும் உருகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல படி ஒன்றைத் தேடி, இன்னும் இரண்டு முறை கேளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில் எது பிடிக்கவில்லை என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் உருகினார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கிராமபோனுக்கு எஃகு ஊசி ஒன்றை எத்தனை தட்டுக்குப் பயன்படுத்தலாம்? தாத்தா ஒரே ஊசியில் ஒரு மாதம் ஓட்டுவார் என்கிறார்கள். (ஆணைமேடு)

ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. தட்டின் அரக்கோடு கல்பொடி கலந்திருக்கிறது. ஊசியின் முனையை வரியின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவதற்கென்றே கலந்தது அது. ஒரு பக்கம் முடிவதற்குள் முனை தேய்ந்து உளி போலாகிவிடும். அடுத்த பக்கத்தில் அந்த உளி வரியைச் செதுக்கத் தொடங்கும். தாத்தாவின் தட்டுகளில் இன்று நீங்கள் கேட்கும் கரகரப்பில் பாதி அந்த ஒரு மாத ஊசியுடையது. எல்.பி. தட்டின் மேல் இந்த ஊசியை ஒருபோதும் வைக்காதீர்கள். பயன்படுத்திய ஊசியைப் புது ஊசி டப்பாவில் திரும்பப் போடாமல் தனிச் சிமிழில் போடுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது.